மச்சானின் பூச்சட்டை

வெள்ளிக்கிழமை காலை. மடத்து முற்றத்தைப் பெருக்கி முடித்த சங்கரலிங்கம், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாமியின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவர் நாற்பதைக் கடந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சங்கரலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் சாமிதான் குரு, சங்கரலிங்கம் சீடர். சீடர் வயதில் மூத்தவர் என்பதால் சாமி அவரை 'அண்ணாச்சி' என்றுதான் அழைப்பார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க. கை ஏன் சும்மா இருக்கணும்?" என்று சொல்லி, சாமி பாதிக் கீரையை அவர் பக்கம் தள்ளினார்.

"வயசானவங்க இளவட்டம் மாதிரி உடுத்தலாமா?"

"யாரு உடுத்துதா?"

"பொதுவாக் கேக்கேன்."

"பொதுவா எனக்குத் தெரியாதே அண்ணாச்சி."

சங்கரலிங்கம் ஒரு கொத்தை எடுத்து உருவினார். இலையோடு காம்பும் சேர்ந்து வந்தது.

"என் மச்சான்தான் சாமி. என் வீட்டுக்காரி கோமதிக்கு அண்ணன், ஆவுடையப்பன். என்னைவிட மூத்தவர். இரும்புக் கடையை மகன்கிட்ட ஒப்படைச்ச நாள்லேருந்து ஆளே மாறிட்டார். மாம்பழ மஞ்சள்ல சட்டை. அதுல தட்டு அகலத்துக்குச் செம்பருத்திப் பூ. கீழே ஜீன்ஸ். காலுக்குச் சிவப்பு ஷூ. போதாததுக்குக் காதுல கடுக்கன். பஸ் ஸ்டாண்டுல நின்னா பயலுவ செல்போன்ல படம் பிடிக்கானுவ."

"அவர் என்ன செய்தார்?"

"சிரிச்சுக்கிட்டு நிக்கார்!"

சாமி காம்பைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். "உங்களுக்கு அதுல என்ன கஷ்டம்?"

அப்போதுதான் சங்கரலிங்கம் முழுவதையும் சொன்னார். அடுத்த வாரம் அவருடைய ஒரே மகள் மதிவதனிக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் முதல் பத்திரிகை பெண்ணின் தாய்மாமனுக்குத்தான். தாம்பூலத் தட்டில் வைத்து நேரில் கொடுக்க வேண்டும். கல்யாணத்தன்று பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போகிறவரும் தாய்மாமன்தான். அவர் வராமல் பெண் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

"நானும் கோமதியும் தட்டு எடுத்துக்கிட்டுத்தான் போனோம் சாமி. அவரும் ரெண்டு கையாலயும் வாங்கினார். வாங்கினதும் நான் ஒரு வார்த்தை சொன்னேன்."

"என்ன வார்த்தை?"

"'சம்பந்தி கோவில்பட்டியில பெரிய தலைமையாசிரியரா இருந்தவர். மச்சான், அன்னைக்கு மட்டும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில வாங்க. இல்லேன்னா வரவே வேண்டாம்'னு சொல்லிட்டேன்."

"அவர்?"

"தட்டைத் திருப்பி என் கையிலயே வச்சுட்டார்."

சாமி உருவுவதை நிறுத்தினார்.

"கோமதி அந்தத் தட்டைப் பூஜை அறையில வச்சிருக்கா. எடுக்கவும் விட மாட்டேங்கா, என்கிட்ட பேசவும் மாட்டேங்கா. வெத்தலை வாடிப் போச்சு. மக என்னடான்னா, மாமா வரலேன்னா நான் மணவறைக்கு நடக்க மாட்டேன்னு உட்கார்ந்திருக்கா. நான் சொன்னதுல என்ன சாமி தப்பு? வயசுக்குன்னு ஒண்ணு இருக்கில்லையா?"

"இருக்கா?"

"என்னையே எடுத்துக்கோங்க. அறுபது முடிஞ்ச கையோட கலர் சட்டை அத்தனையும் மூட்டை கட்டித் தெருவுல வந்த பாத்திரக்காரன்கிட்டப் போட்டுட்டேன். பதிலுக்கு ஒரு எவர்சில்வர் வாளி குடுத்தான். நல்ல கனமான வாளி. அந்த மூட்டையில ஊதாக் கட்டம் போட்ட சட்டை ஒண்ணு இருந்தது. அதை மட்டும் வச்சுக்கலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். அப்புறம் அதையும் போட்டுட்டேன்."

"ஊதாக் கட்டம்" என்றார் சாமி.

"ஆமா சாமி. பெரிய கட்டமில்ல, சின்னக் கட்டம். பக்கத்துல வந்து பார்த்தாத்தான் கட்டம்னே தெரியும்."

சாமி தலையை ஆட்டினார்.

"மச்சானுக்கு உங்க மேல மரியாதை உண்டு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பார்."

"சொல்லுதேன். அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. அவர் நீங்க சொல்லுத மாதிரி ஒழுங்கா உடுத்தின காலத்துச் சட்டை ஒண்ணு இருந்தா வாங்கிட்டு வாங்க. அதைப் பார்த்துட்டுச் சொல்லுதேன்."

"நானா போய்க் கேக்கணும்?"

"சட்டை தானா நடந்து வராதே."

*

ஆவுடையப்பன் வாசலில் நின்று செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சட்டையில் இன்று கிளிகள். சங்கரலிங்கம் தெருமுனையிலேயே அவற்றைப் பார்த்துவிட்டார்.

"வாரும் மாப்ளே! வெள்ளையா ஏதோ வருதே, பால்காரர் கேனைத் தூக்கிட்டு வாராரோன்னு பார்த்தேன்."

சங்கரலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டார். "சண்டைக்கு வரல மச்சான். உங்க பழைய வெள்ளைச் சட்டை ஒண்ணு வேணும். சாமி கேட்டார்."

"சாமிக்கு எதுக்கு? அவர் சட்டையே போடாத சாமியாச்சே!"

"அது எனக்குத் தெரியாது. வாங்கிட்டு வரச் சொன்னார்."

"காதைப் பார்க்காம முகத்தைப் பார்த்துப் பேசும்வே. கடுக்கன் என்னத்தைச் செய்தது? எங்க தாத்தா போட்டிருந்தார். உங்க தாத்தாவும் போட்டிருந்தார். இது பழசா, புதுசா? நீரே சொல்லும்."

சங்கரலிங்கம் பார்வையைக் கடுக்கனிலிருந்து செடிகளுக்கு மாற்றினார்.

ஆவுடையப்பன் உள்ளே போய் நேரம் எடுத்துக்கொண்டு திரும்பினார். கையில் ஒரு முழுக்கைச் சட்டை இருந்தது. வெள்ளை, பழுப்பேறிப் போயிருந்தது. மடிப்பு கலையாமல் செய்தித்தாளில் சுற்றியிருந்தார்.

"மத்ததெல்லாம் குடுத்தாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். எங்க அப்பா சட்டை. அவருக்கு அப்புறம் நான் போட்டேன். பத்திரமாத் திருப்பிக் கொண்டாரும்."

சங்கரலிங்கம் படியிறங்கினார்.

"மாப்ளே, மதி நல்லாச் சாப்பிடுதாளா?"

"இல்லை" என்றார் சங்கரலிங்கம். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

*

சாமி சட்டையை வாங்கி விரித்தார். முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு அதைச் சங்கரலிங்கத்திடமே கொடுத்தார்.

"கையை மட்டும் வெயிலுக்கு நேரா விரிச்சுப் பிடிங்க அண்ணாச்சி."

சங்கரலிங்கம் சட்டையின் கையை இழுத்துப் பிடித்தார். வெயில் துணியின் ஊடே வந்தது. முழங்கைக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஒரு கோடு தெரிந்தது. வரிசையாகச் சின்னச் சின்ன ஊசித் துளைகள். அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொரு கோடு. மணிக்கட்டுப் பக்கம் மூன்றாவது.

"என்ன கோடு அது?"

"மடிச்சுத் தைச்சுப் பிரிச்ச தடம் சாமி. மச்சானோட அப்பா நெட்டையா இருப்பாராம். கை நீளமா இருந்திருக்கும். அதான் மடிச்சுத் தைச்சிருக்காங்க."

"பிறகு ஏன் பிரிச்சாங்க?"

"பிரிச்சு, கொஞ்சம் கீழே தைச்சு, மறுபடியும்..." சங்கரலிங்கம் நிறுத்தினார். மற்றக் கையையும் வெயிலில் பிடித்தார். அதிலும் அதே மூன்று கோடுகள்.

"போட்டவர் வளர்ந்திருக்கார்" என்றார் மெதுவாக.

சங்கரலிங்கம் சட்டையை மடியில் இறக்கி வைத்தார்.

"அவங்க அப்பா திடீர்னு போயிட்டார் சாமி. மச்சான் அப்ப பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்தார். மறு வாரமே கடையில உட்கார்ந்தாச்சு. சின்னப் பையன்னு தெரிஞ்சா எடையிலயும் விலையிலயும் ஏமாத்துவாங்கன்னு, அப்பா சட்டையையும் வேட்டியையும் போட்டுக்கிட்டு உட்கார்ந்தார்னு கோமதி சொல்லியிருக்கா. நான் அதை ஒரு கதை மாதிரித்தான் கேட்டேன்."

"நீங்க முதல்ல அவரைப் பார்த்தது எப்போ?"

"கோமதியைப் பெண் பார்க்கப் போன அன்னைக்கு. வாசல்ல வெள்ளை வேட்டி, முழுக்கை வெள்ளைச் சட்டையோட ஒருத்தர் கும்பிட்டுக்கிட்டு நின்னார். எங்க அப்பா அவரை 'நீங்க' போட்டுத்தான் பேசினார். வீட்டுக்குத் திரும்பி வந்ததும், 'தகப்பன் இல்லாத வீடுன்னு யோசிச்சேன். ஆனா அந்த வீட்டுல ஒரு பெரிய மனுஷன் இருக்கான். தைரியமாப் பெண் எடுக்கலாம்'னு சொன்னார்."

"அந்தப் பெரிய மனுஷனுக்கு அப்போ என்ன வயசு?"

சங்கரலிங்கம் மனசுக்குள் கணக்குப் போட்டார். "இருபத்து மூணு இருக்கும்."

"அந்த வயசுக்கு அந்தச் சட்டை பொருந்துதான்னு உங்க வீட்டுல யாராவது கேட்டீங்களா?"

சங்கரலிங்கம் அந்த ஊசித் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சட்டையை இருந்த மடிப்பிலேயே மடித்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"சாமி, அவர்கிட்டச் சொல்ல ஒரு வார்த்தை..."

"சட்டையைத் திருப்பிக் கொடுங்க. பத்திரமாக் கேட்டாரில்லையா?"

*

சங்கரலிங்கம் வீட்டுக்குப் போனார். பூஜை அறையில் இருந்த தட்டை எடுத்தார். வாடிய வெற்றிலையை எடுத்துவிட்டுப் புது வெற்றிலை வைத்தார். கோமதி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து தட்டில் வைத்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

ஆவுடையப்பன் வீட்டில் தட்டை முக்காலியில் வைத்துவிட்டு, முதலில் சட்டையை நீட்டினார் சங்கரலிங்கம்.

"மச்சான், என்னை மன்னிச்சிடுங்க. குடும்பத்துக்காக நீங்க இளமையவே அனுபவிக்கல. இருபது வயசுல கிழவன் மாதிரி இருந்தீங்க. அந்த ஏக்கத்துலதான் இப்ப இப்படி உடுத்துதீங்க. அது தெரியாம நான்..."

ஆவுடையப்பன் தங்கையைப் பார்த்தார். "கோமதி, உன் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு? யாரு ஏங்கினா?"

"இல்ல மச்சான், அந்தச் சட்டைக் கையில..."

"யோவ், அந்தச் சட்டை எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? அதைப் போட்டுக்கிட்டுக் கடையில உட்கார்ந்தா, நரைச்ச தலையெல்லாம் வந்து 'முதலாளி, ரெண்டு கிலோ ஆணி'ன்னு கேக்கும். என் வயசுப் பயலுவ அரை டிராயரோட தெருவுல கோலி விளையாடிக்கிட்டிருப்பானுவ. நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பேன். அம்மா ஒவ்வொரு தடவை மடிப்பைப் பிரிக்கும்போதும், வளர்ந்துட்டேன்னு தெருவுக்கே காட்டிட்டு வருவேன். ஏக்கமாம், ஏக்கம்!"

கோமதி சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பைச் சங்கரலிங்கம் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

"அப்ப இது?" சங்கரலிங்கம் கிளிச் சட்டையைக் காட்டினார்.

"இதுவும் பிடிச்சிருக்கு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்?"

சங்கரலிங்கம் முக்காலியிலிருந்து தட்டை எடுத்து, கோமதியையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி, நீட்டினார்.

ஆவுடையப்பன் உடனே வாங்கவில்லை. "தட்டுல என்னெல்லாம் இருக்கு?"

"வெத்தலை, பாக்கு, பழம், தேங்காய், பத்திரிகை."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"போன தடவை தட்டோட ஒரு வார்த்தையும் வந்ததே?"

"இந்தத் தடவை இல்ல மச்சான்."

ஆவுடையப்பன் இரண்டு கைகளாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"என்ன உடுத்திட்டு வருவேன்னு கேக்க மாட்டீரா?"

சங்கரலிங்கத்துக்குக் கேட்க வேண்டும்போல நாக்கு துடித்தது. கோமதி அவரைப் பார்த்தாள்.

"கேக்க மாட்டேன்."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்றார் ஆவுடையப்பன்.

*

கல்யாணத்தன்று காலையில், சங்கரலிங்கம் மண்டப வாசலில் சம்பந்தியோடு நின்று விருந்தினர்களை வரவேற்றார். ஒவ்வொரு ஆட்டோ வந்து நிற்கும்போதும் யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

கடைசியில் ஆவுடையப்பன் வந்தார். மயில் கழுத்துப் பச்சையில் சட்டை. அதில் மார்பு முழுக்க வெள்ளைக் கொக்குகள் பறந்தன. கீழே ஜீன்ஸ். வாசலில் உட்கார்ந்து சிவப்பு ஷூவின் கயிற்றை நிதானமாக அவிழ்த்தார். வரிசையாகக் கிடந்த கறுப்புச் செருப்புகளுக்கு நடுவே அதை வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

சம்பந்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "இவங்க யாரு?"

சங்கரலிங்கம் நிமிர்ந்தார். "என் மச்சான். பெண்ணுக்குத் தாய்மாமன்."

"அப்படியா? பாட்டுக் கச்சேரிக்கு வந்தவரோன்னு நினைச்சேன். வாங்க, வாங்க" என்று சம்பந்தி கைகூப்பினார்.

ஆவுடையப்பனும் கைகூப்பினார். "பாடவும் வரும். ஆனா நம்ம சங்கரலிங்கம் மாப்ளை விட மாட்டார்."

மணப்பெண் அறையில் மதிவதனி அதுவரை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததும் கொக்குகளைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாமா, இது புதுசா?"

"உனக்காகவே தேடி எடுத்தது. உனக்குக் கொக்கு பிடிக்குமில்ல?"

"அது சின்னப் பிள்ளையில சொன்னது மாமா!"

"சட்டை இப்பதானேம்மா கிடைச்சது."

அவர் அவளுக்கு மாலை போட்டார். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். மண்டபமே பார்த்தது. சிலர் சட்டையைப் பார்த்தார்கள். ஆனால் மதிவதனி மணவறைக்கு நடந்து வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

*

கல்யாணம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை. சங்கரலிங்கம் வழக்கம்போல முற்றத்தைப் பெருக்கினார். பிறகு கல்யாண வீட்டு அதிரசத்தை வாழையிலையில் வைத்துச் சாமியின் முன் நகர்த்தினார். நடந்ததெல்லாம் சொன்னார். சிவப்பு ஷூவைச் சொன்னார். கொக்கைச் சொன்னார்.

"பந்தியில பார்க்கணுமே சாமி! சம்பந்தி மச்சான் பக்கத்துல உட்கார்ந்து, இந்த மாதிரித் துணி எந்தக் கடையில கிடைக்கும்னு கேக்கார். தலைமையாசிரியர் சாமி! தன் வெள்ளைச் சட்டையில சாம்பார் சிந்தினதைக்கூடக் கவனிக்கல."

"பிறகு?"

"பிறகு என்ன, கடைப் பேரைக் கைக்குட்டையில எழுதாத குறைதான்."

சாமி சிரித்தார். அதிரசத்தில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லா வந்திருக்கு."

"கோமதி தானே சுட்டது. இப்ப நல்லாப் பேசுதா சாமி. எல்லாம் உங்களாலதான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதுவும் சரிதான்" என்றார் சங்கரலிங்கம். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. வயசானவங்க அப்படி உடுத்தலாமா, கூடாதா?"

சாமி கையைத் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு நீங்க என்ன உடுத்தியிருந்தீங்க அண்ணாச்சி?"

"நானா? எப்பவும் போலதான் சாமி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வேற என்ன?"

"சரி" என்றார் சாமி. இன்னொரு விள்ளல் எடுத்தார். "அந்த எவர்சில்வர் வாளி எப்படி இருக்கு? நல்லா இருக்கா?"

சங்கரலிங்கம் பதில் சொல்ல வாயெடுத்தார்.

வாளி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு நினைவு வந்ததோ அந்த ஊதாக் கட்டம் போட்ட சட்டை.